அது சைலேஜ் வாசனை

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தால் வாசற்படி தாண்டும் முன் ஊத வேண்டும். அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். செருப்பைக் கழற்றுவார், குனிந்து என் முகத்துக்கு நேரே 'ஹா' என்று ஊதுவார், நான் மூக்கை இழுத்துப் பார்த்துவிட்டு வழிவிடுவேன். தாராவியில் எங்கள் சந்தில் எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். அதனால் இந்தக் கூத்தை எதிர்வீடு, பக்கத்து வீடு, தையல் பட்டறை எல்லோரும் தினமும் இலவசமாகப் பார்த்தார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிப்போனது.

சட்டம் வேண்டியிருந்தது. தோல் பை தைக்கும் பட்டறையில் இருந்த காலமெல்லாம் அவர் குடித்தார். அடிக்கிற குடி இல்லை, சண்டை போடுகிற குடி இல்லை, சிரித்துக்கொண்டே தன்னை அழித்துக்கொள்கிற குடி. ஒருநாள் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. பெரிய ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, ஈரலில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், மறுபடி தொட்டால் எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தும் பிரயோஜனம் இல்லை என்றார். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து சட்டம் போட்டேன். அவரும் ஒப்புக்கொண்டார். உண்மையாகவே விட்டார். கை நடுங்கியது, உடம்பு வியர்த்தது, சோறு இறங்கவில்லை, ஆனாலும் விட்டார். அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

என் மூக்கின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். என் பிழைப்பே மூக்குதான். நான் இட்லி மாவு ஆட்டி மாட்டுங்காவில் கடைகளுக்கும் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கிறேன். மாட்டுங்கா மாமிகளுக்குப் புளிப்பு தூக்கலாக இருந்தால் ஆகாது. எங்கள் சந்துக்காரர்களுக்குப் புளிக்காவிட்டால் அது மாவே இல்லை. ஆக, மூடியைத் திறந்து ஒருதரம் முகர்ந்தால் இது எந்த வீட்டுக்குப் போகவேண்டிய மாவு என்று சொல்லிவிடுவேன். மழைக்காலத்தில் எப்போது பொங்கும், குளிரில் எப்போது சண்டித்தனம் செய்யும், எல்லாம் மூக்குக்குத் தெரியும். குடித்தவனைக் கண்டுபிடிப்பது இதற்கு முன்னால் என்ன பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன்.

உடம்பு தேறியதும் பட்டறைக்குத் திரும்பப் போகக்கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அங்கே சாயங்காலமானால் கேட்காமலே கைக்குக் கிளாஸ் வரும். நான் மாவு கொடுக்கும் கடைக்குப் பால் ஊற்றுகிற உத்தரப்பிரதேசத்துச் சேட் ஒருவர் இருந்தார். செம்பூரைத் தாண்டி மான்கூர்ட் போகும் வழியில் அவருக்குத் தபேலா, அதாவது எருமைத் தொழுவம். ஆள் தேவை என்று கடையில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, என் வீட்டுக்காரர் இருக்கிறார் என்றேன். எருமை பார்க்கத் தெரியுமா என்றார். ஊரில் வீடு நிறைய எருமை என்று அடித்துவிட்டேன். என் வீட்டுக்காரரோ தாராவியிலேயே பிறந்தவர். எருமையைச் சாலையில் பார்த்ததோடு சரி.

சேட் ஒரு புதுத் திட்டம் வைத்திருந்தார். தபேலாவில் கடாக்கன்று பிறந்தால் யாருக்கும் சந்தோஷம் இல்லை. கிடாரி என்றால் நாளைக்குப் பால். கடா என்றால் தண்டச்சோறு. தாயின் பாலெல்லாம் கேனுக்குப் போய்விடும், கன்றை ஒரு மூலையில் கட்டிப்போடுவார்கள், அது தானாகவே செத்துவிடும். யாரும் கொல்வதில்லை, சாகவிடுவார்கள். சேட் அந்தக் கடாக்கன்றுகளை, தன்னுடையதும் அக்கம்பக்கத்துத் தபேலாக்களுடையதுமாகச் சேர்த்து, கொழுக்க வளர்த்து இறைச்சிக்கு விற்கப் பார்த்தார். எங்கள் மாநிலத்தில் பசு, காளை எதையும் வெட்டக்கூடாது. எருமைக்குத் தடை இல்லை. தடை இருந்தது தீவனத்தில். பம்பாயில் பச்சைப்புல் வாங்கிக் கன்று வளர்த்தால் கன்றைவிடப் புல் விலை அதிகமாகிவிடும். வெறும் வைக்கோல் போட்டால் உயிர் நிற்கும், சதை பிடிக்காது. அதனால் சைலேஜ் இறக்கினார்.

சைலேஜ் என்பது ஊறுகாய் போட்ட மக்காச்சோளப் பயிர். கதிரில் பால் கெட்டியாகும் சமயத்தில் தட்டையோடு அறுத்து, பொடிப்பொடியாக வெட்டி, காற்றுப் புகாமல் அமுக்கி, பிளாஸ்டிக்கைச் சுற்றிச் சுற்றிப் பெரிய உருளையாகக் கட்டிவிடுவார்கள். உள்ளே அது புளித்து அப்படியே நிற்கும், மாதக்கணக்கில் கெடாது. நாசிக் பக்கமிருந்து லாரியில் வரும். இதெல்லாம் பின்னால் என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னது. முதல்நாள் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

முதல்நாள் உருளையைப் பிரித்து, கையால் அள்ளி, தொட்டிக்குத் தொட்டி சுமந்துவிட்டு வந்து நின்றார். சந்துமுனையில் வரும்போதே எனக்கு வாசனை வந்துவிட்டது. புளிப்பு, அதோடு ஒரு இனிப்பு, அதற்கு அடியில் சாராய நெடி. படிக்குக் குறுக்கே கையை வைத்தேன்.

"குடிச்சிருக்கிய."

"ஏட்டி, சத்தியமா இல்லட்டி. மாட்டுத் தீவனம்டி அது. புளிக்க வச்ச சோளம்."

"எருமை குடிச்சிட்டு வருதா, நீங்க குடிச்சிட்டு வாரியளா? ஊதுங்க."

ஊதினார். சட்டையிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் அடித்த நெடியில் வாயிலிருந்து வந்தது எதுவென்று தெரியவில்லை. மறுபடி ஊதச் சொன்னேன். மறுபடி ஊதினார். தையல் பட்டறையில் மிஷின் நின்றுவிட்டது, எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் கதவைச் சாத்தினேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தபோது ஊதிய களைப்பில் அப்படியே தூங்கிப்போயிருந்தார். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நம்பவில்லை.

அதற்குப் பிறகு தினமும் இதே பாடுதான். குளித்துவிட்டு வந்தாலும் வாசனை போகவில்லை. எலுமிச்சை தேய்த்தார், கடலைமாவு தேய்த்தார், என் பாத்திரம் துலக்கும் சோப்பைக்கூட விடவில்லை. சயானில் ரயிலேறி குர்லாவில் மாறிப் போவார். காலை ரயிலிலேயே பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைச் சுளித்து நகர்வார்களாம். "விடிஞ்சதும் ஏத்திட்டு வந்திருக்கான்னு ஹிந்தில சொல்லுதான், எனக்குப் புரியாதுன்னு நெனைச்சுக்கிட்டு" என்று சிரித்தபடி சொன்னார். "ஒரு லாபம் உண்டு. எனக்கு மட்டும் நிக்க எடம் கெடைக்குது." எதையும் சிரிப்பாக்கிவிடுவார். குடிக்கிறபோதும் அப்படித்தான், விட்டபிறகும் அப்படித்தான்.

ஒரே ஒரு விஷயத்தை அவரால் சிரிப்பாக்க முடியவில்லை. எங்கள் மகள் திலக் நகரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது, பெண். அவள் சின்ன வயதில் இந்த மனிதரைச் சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடையோடு. அதை அவள் மறக்கவில்லை, மறக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. குழந்தையைப் பார்க்கப் போனோம். இரண்டுதரம் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, காதுக்குள் சென்ட் தடவிய பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். கையை நீட்டினார். மகள் குழந்தையைக் கொடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். மூக்கு விடைத்தது. குழந்தையைத் திரும்ப நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எப்பா, குடிச்சிட்டு வந்தா புள்ளையத் தொடக்கூடாது. பெஹ்லே ஹி, அன்னிக்கே சொல்லிட்டேன்ல."

"இல்லம்மா, அது வேலை செய்ற எடத்துல..."

"எனக்கு அந்த வாஸ் தெரியும்பா. எனக்குத் தெரியாதா?"

அவர் நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். காபி குடித்தார். மருமகனோடு கிரிக்கெட் பேசினார். திரும்பும்போது பிளாட்பாரத்தில் தன் கையைத் தானே முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்தபோது, "நாளைக்கு நீ என்கூட வாட்டி. வந்து பாத்துட்டு அப்புறம் என்ன வேணாலும் சொல்லு" என்றார்.

போனேன். தகரக்கூரை, சாணி, ஈ, காதைப் பிய்க்கும் டெம்போ சத்தம். கடைசியில் ஒரு கொட்டகையில் அவருடைய கன்றுகள். நான் எலும்பும் தோலுமாகப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துப் போனேன். எல்லாம் மினுமினு என்று கருத்து, முதுகு பரந்து நின்றன. அவர் கொட்டகை மூலைக்குப் போய் பிளாஸ்டிக்கை விலக்கினார். அந்தச் சரசரப்பு கேட்டதும் எல்லாக் கன்றும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. முதலில் வாயே வைக்கவில்லையாம். வைக்கோலில் ஒரு பிடி கலந்து, அப்புறம் இரண்டு பிடி கலந்து, வாரக்கணக்கில் பழக்கினாராம். மூலையில் சாகக் கிடந்ததுகளை வாயில் விரலை வைத்துப் பால் சப்பப் பழக்கியதும் அவர்தானாம்.

உருளைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து என் மூக்கருகே நீட்டினார். பச்சையும் மஞ்சளுமாக, ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது. முகர்ந்தேன். அதேதான். அவருடைய சட்டையில், தலையில், ரேகையில் இருந்த அதே நெடி. இவ்வளவு நாளாக நான் கதவை மறித்து நின்றது இதற்குத்தான்.

"உன் மாவு மாதிரிதான்டி இதுவும். மூடி வச்சா புளிக்கும், காத்துபட்டா கெட்டுப்போவும். பூசணம் பூத்த எடத்தக் கிள்ளி எறிஞ்சிருதேன். இல்லன்னா கன்னுக்கு வயிறு உப்பிரும்."

"அப்ப எருமைக்கு இட்லி அவிக்கேன்னு சொல்லுங்க."

இருவரும் சிரித்தோம். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அன்று அவர் என்னோடு வீட்டுக்கு வந்தார், செருப்பைக் கழற்றினார், வழக்கம்போலக் குனிந்து வாயைத் திறந்தார். நான் அவர் வாயைக் கையால் பொத்தினேன். "இனிமே ஊத வேண்டாம்" என்றேன். சந்தே கேட்கிறாற்போலச் சத்தமாகத்தான் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. ஒரு மனுஷனுக்கு நான் கொடுத்ததிலேயே பெரிய பொருள் அதுதான் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த வாரமே மகளையும் குழந்தையையும் தபேலாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றவளை, வராவிட்டால் உன் வீட்டுப்படி ஏறமாட்டேன் என்று மிரட்டித்தான். புடவையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். அவர் பிளாஸ்டிக்கைத் திறந்து தள்ளி நின்றார். மகள் குனிந்தாள். நிமிர்ந்தவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "இதாம்மா?" என்றாள். அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் லுங்கியில் கையைத் துடைத்துத் துடைத்து, பிறகு வாங்கிக்கொண்டார். குழந்தை அவர் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்தது. கன்றுகள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன. வாழ்க்கையில் ஒருநாளைத் திரும்பத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நாள் போதும்.

அதற்கப்புறம் என் வாய் சும்மா இருக்கவில்லை. யாராவது அவர் பக்கம் மூக்கைச் சுளித்தால் போதும், பாய்ந்துவிடுவேன். கொழுந்தனாரிடம் சொன்னேன், மாவு வாங்க வருகிறவர்களிடம் சொன்னேன், வீட்டைக் கணக்கெடுத்துச் சுவரில் நம்பர் எழுத வந்த சர்வேக்காரப் பையன் முகத்தைத் திருப்பியபோது அவனிடமும் சொன்னேன். "குடி இல்லப்பா. அது சைலேஜ் வாசனை." தாராவியில் எங்கள் சந்துக்காரர்களுக்கு மட்டும்தான் அந்த ஆங்கில வார்த்தை அத்தனை சுத்தமாகத் தெரியும் என்று நினைக்கிறேன். மகளும் சொல்ல ஆரம்பித்தாள். என்னைவிட அவள் மும்முரம். பழைய பாக்கியை அடைக்கிற வேகம்.

கன்றுகள் வளர்ந்தன. கன்று என்று சொல்லவே கூசும் அளவுக்கு வளர்ந்தன. சேட் சந்தோஷமாக இருந்தார், முதல் லோடு கறிக்குப் போனது. அன்று என் வீட்டுக்காரர், சேட் கொடுத்தனுப்பிய இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாசனை வழக்கத்தைவிடத் தூக்கலாக இருந்தது. நாள் முழுக்கத் தீவனத்தில் புரண்டிருப்பார், பாவம் என்று எண்ணிக்கொண்டேன். "போறதுக்குத்தானே வளத்திய? வேற கன்னு வரும்ல" என்று சொல்லி முதுகைத் தடவிக்கொடுத்தேன். முதுகு குலுங்கியது. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேறு கன்றுகள் வந்தன. அவற்றுக்கும் விரல் சப்பக் கொடுத்தார், சைலேஜ் பழக்கினார், அவையும் போயின. மறுபடி வந்தன. நடுவில் அவர் இளைத்துக்கொண்டே போனார். வெயில் என்றார், தகரக்கூரை என்றார், நம்பினேன். ஒருநாள் எதிர்வீட்டுக்காரி மெதுவாக, "அக்கா, அண்ணன் கண்ணு மஞ்சளா இருக்கு. மறுபடியும் தொட்டுட்டாங்களோ என்னமோ" என்றாள். அவளை நான் கேட்ட கேள்வியில் அவள் அதற்கப்புறம் ரொம்ப நாள் என் பக்கம் திரும்பவில்லை. உன் புருஷன் யோக்கியதை தெரியாதா என்பதுவரை போய்விட்டேன். அந்த வாரமே அவருக்கு வயிறு உப்பி, கால் வீங்கிவிட்டது. மகளுக்குப் போன் போட்டேன். டாக்ஸி பிடித்து அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வேலையிலிருந்து வந்த சட்டையோடு, அதே நெடியோடு.

வார்டில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்து, குனிந்து பார்த்து, முகத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தினமும் எவ்வளவு குடிக்கிறார் என்று ஹிந்தியில் என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மகள் முன்னால் வந்துவிட்டாள்.

"நஹீ டாக்டர். குடிக்கறதில்ல. எங்கப்பா விட்டு வருஷமாச்சு." ஹிந்தியும் தமிழும் இங்கிலீஷுமாகக் கொட்டினாள். தபேலாவில் வேலை, மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்து மாட்டுக்குப் போடுவார்கள், அது கையில் ஏறினால் போகாது, நானே போய்ப் பார்த்திருக்கிறேன், நானே முதலில் நம்பவில்லை, தப்பாக நினைத்துவிட்டேன். "அது சைலேஜ் வாசனை டாக்டர். தயவுசெஞ்சு அப்படி எழுதிடாதீங்க."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா மகளின் தோளைத் தொட்டார். நான் பெருமையோடு கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், உங்கள் மகள் உங்களுக்காக எப்படிப் பேசுகிறாள் பாருங்கள் என்கிற மாதிரி. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். இமையோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. அப்போதுதான் எனக்கு உள்ளே என்னவோ நழுவியது. அதுவரை என் மனசில் ஒரு துளி சந்தேகம் இல்லை. சத்தியமாக இல்லை.

மகள் மருந்து வாங்கக் கீழே போன சமயத்தில் டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டோடு வந்தார். விட்டவருடைய ரத்தம் இது இல்லை என்றார். ரொம்ப நாளாகவே நடந்திருக்கிறது, நேற்றுக்கூடக் குடித்திருக்கிறார். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அடிக்கவேண்டும் போலிருந்தது. அவர் கை என் புடவைத் தலைப்பைத் தேடியது.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"மொத லோடு."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார், மூச்சு வாங்கிக்கொண்டு. டெம்போவில் ஏற்றப் பலகை சாய்த்திருந்தார்களாம். கன்றுகள் கால் வைக்க மறுத்துவிட்டன. வாலை முறுக்கினார்கள், கம்பால் அடித்தார்கள், நகரவில்லை. கடைசியில் சேட் இவரைக் கூப்பிட்டு, நீ ஏற்று, உன் பின்னால் வரும் என்றார். இவர் ஒரு பிளாஸ்டிக் டப்பில் சைலேஜை அள்ளிக்கொண்டு பலகையில் ஏறி நடந்தார். அடிக்காமல், கயிறு இழுக்காமல், எல்லாக் கன்றும் வரிசையாக அவர் பின்னாலேயே ஏறிவிட்டன.

"நம்பி வந்துச்சுட்டி. டப்புக்குள்ள மூஞ்சியப் போட்டுத் தின்னுக்கிட்டே இருந்துச்சு. நான் மட்டும் எறங்கினேன், கதவச் சாத்திட்டானுவ." என் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றினார். "அன்னிக்கு மட்டும்னுதான் போனேன். நீ வாசல்லயே பிடிச்சிருவேன்னு நெனைச்சுக்கிட்டேதான் வந்தேன். பிடிச்சா விட்ருவோம்னு. நீ முதுகத் தடவிக் குடுத்த."

அவரைத் தவிர வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால், நான்தான் காரணமா என்று சண்டைக்குப் போயிருப்பேன். நம்பியது தப்பு என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டின புருஷனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? ஆனால் அந்த நாள் மட்டும் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. இனிப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு, அவர் மேலிருந்து அடித்த அந்த நெடிக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, நானே அதை நம்பி, பாவம் என்று சொன்ன நாள். எத்தனை லோடு போனதோ அத்தனைக்கும் நான், அவர் குடிப்பதில்லை என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்.

மகள் படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் என் தலைப்பை இறுக்கிப் பிடித்தார். "அவட்ட சொல்லாத. அவ என்னை நம்புறதுதான் எனக்கு மிச்சம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எனக்கு மட்டும் உண்மை, அவளுக்கு மட்டும் நல்ல அப்பாவா? ஆனாலும் தலையாட்டினேன். மகள் வந்து மருந்துப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, "டாக்டர் என்னம்மா சொன்னா? இன்னும் அதையேதான் சொல்றாளா?" என்றாள். இல்லை, பழைய குடி ஈரலை அரித்தது இப்போதுதான் காட்டுகிறதாம் என்றேன். "பாத்தியா? நான் சொன்னேன்ல" என்று அவர் தலைமாட்டில் உட்கார்ந்து முடியைக் கோதிவிட்டாள். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

அந்த வாரம் தாண்டவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஈரல் என்று மட்டும்தான் இருந்தது. சேட் வந்து சயான் மயானத்தில் ஓரமாக நின்று அழுதார். இவர் குடித்தது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது வேறு ஆள் டப்பைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறான் என்று கேள்விப்பட்டேன். எதிர்வீட்டுக்காரியிடம் ஒருநாள் போய், கேட்ட வார்த்தைக்கெல்லாம் மன்னிச்சுக்கோ என்று மட்டும் சொன்னேன். அவள் காரணம் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தாள்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். பேத்தி இப்போது நன்றாகப் பேசுகிறாள். சுவரிலிருக்கும் படத்தைக் காட்டி மகள் அவளிடம், "தாத்தாவ எல்லாரும் தப்பா நெனைச்சாங்க, மம்மா நான்கூட நெனைச்சேன், தாத்தா ஒரு சொட்டு தொட்டதில்ல" என்கிறாள். சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. நான் அடுப்பைப் பார்த்து நின்றுகொள்கிறேன். அவளிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை தொண்டைவரை வந்திருக்கிறது, விழுங்கியிருக்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். மகள் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. போன ஞாயிறு இந்தத் தாள்களை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "என்னம்மா எழுதுற இவ்வளவு?" என்றாள்.

"உங்கப்பாவப் பத்தி" என்றேன்.

"நல்லதா எழுதும்மா" என்று சொல்லி, தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கி என் கையில் கொடுத்தாள்.